யூதாசுக்கும் பாதம் உண்டு

போன வாரம் திருச்சியில் என் தங்கை மகனுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா. பயலுக்கு ராஜா வேஷம். மேடைக்குப் பின்னால் குழந்தைகளும் அம்மாக்களுமாக ஒரே நெரிசல். ஒரு டீச்சரம்மா என் கையில் ஒரு குப்பியைத் திணித்து, "கொஞ்சம் பிடிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ராஜாவின் மோவாயைத் தூக்கிப் பிடித்தார். தாடி ஒட்டுகிற ஸ்பிரிட் கம். உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ. குங்கிலியத்தைச் சாராயத்தில் ஊறப்போட்ட மாதிரி இருக்கும். மூக்கில் ஏறினால் கண் வரைக்கும் போகும். எனக்குக் கண்ணையும் தாண்டிப் போய்விட்டது. டீச்சரம்மா குப்பியைக் கேட்கிறார், நான் கொடுக்காமல் நிற்கிறேன். கடைசியில் அவரே பிடுங்கிக்கொண்டார். மேடையில் பயல் எப்படிப் பேசினான் என்று தங்கை கேட்டபோது "பிரமாதம்" என்று பொய் சொன்னேன். நான் அந்நேரம் அரியலூர்ப் பக்கம், லூர்து மாமாவின் மோவாயில் ஒட்டியிருந்த செம்பட்டைத் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூர்து மாமா என் அம்மாவுக்குத் தம்பி. சுண்ணாம்புக் கல் லாரிகளில் லோடு ஏற்றுகிற வேலை. நல்ல கறுப்பு, நல்ல உயரம், அதைவிட நல்ல வாய். எங்கள் ஊர் ஏலாக்குறிச்சியிலிருந்து அதிக தூரமில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இரண்டு தெருக்காரர்களும் இன்றைக்கும் ஒரே பஸ்ஸில்தான் டவுனுக்குப் போயாக வேண்டும், எதற்கு வம்பு?

இரண்டு தெரு என்றேனே, மேலத்தெரு, கீழத்தெரு. இரண்டும் வேதக்காரத் தெருக்கள்தான், அதாவது கிறிஸ்தவர்கள். ஒரே மாதா, ஒரே மணி, ஒரே சாமியார். கோவில் மட்டும் சிலுவை வடிவத்தில் கட்டியது. அந்தச் சிலுவையின் இடது கை கீழத்தெருவுக்கு, மிச்சமெல்லாம் மேலத்தெருவுக்கு. இடது கையில் உட்கார்ந்தால் பீடம் பாதிதான் தெரியும். நான் சின்ன வயதில் சாமியாருக்கு ஒரு கைதான் உண்டு என்று நினைத்திருந்தேன். கல்லறைத் தோட்டத்திலும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர். அது எதற்கு என்று ஒருதரம் மாமாவைக் கேட்டேன். "கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிப்போம்ல, அப்ப யாரு முன்னாடி எந்திரிக்கிறதுன்னு தகராறு வந்துடக் கூடாதுல்ல பாப்பா?" என்றார்.

எங்கள் முன்னோர் எந்தப் பஞ்சத்தில், எந்தச் சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. போன கோவில்களில் எல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், உள்ளே வா என்ற ஒரு கோவிலுக்குப் போனார்கள். போன பிறகுதான் உள்ளுக்குள் இன்னொரு வாசல் இருப்பது தெரிந்தது. உலகத்தில் எத்தனையோ சிறிய கூட்டங்கள் இதே கதையைத் தத்தம் பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதைப் பிற்பாடு புத்தகங்களில் படித்தேன். படிப்பதற்கு முன்பே எனக்கு அது புரிந்த இடம் ஒரு சர்க்கார் ஆபீஸ். படிப்பு உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ரொம்ப நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "நீங்க வேதத்துக்குப் போயிட்டீங்களேம்மா, அந்தச் சலுகை கெடையாது. வேதத்துலதான் சாதி கெடையாதே?" என்றார். "சார், ஒரு ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வந்து இதச் சொல்லிட்டுப் போறீங்களா?" என்று கேட்க நாக்கு துடித்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்காருக்கு நாங்கள் வேதக்காரர்கள். கோவிலுக்கு நாங்கள் கீழத்தெரு.

இதெல்லாம் எண்பதுகள் பிறந்த புதிது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றா சொன்னேன்? கையில் கிடைத்த துண்டுப் பிரசுரத்தையெல்லாம் படித்து, காலையில் ஒரு புரட்சி, மத்தியானம் ஒரு தூக்கம் என்று படு சுறுசுறுப்பாக இருந்தேன். என் திட்டப்படி அந்தக் கல்லறைச் சுவர் அடுத்த வாரம் விழ வேண்டும். எப்போதும் அடுத்த வாரம்தான்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். பெரிய வியாழக்கிழமை பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். ஏசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. பெஞ்சில் வரிசையாக உட்காரும் அந்தப் பன்னிரண்டு பேரும் மேலத்தெரு. அது எழுதாத சட்டம். ஆனால் ரொம்ப காலம் முன்பு, ஊர் வழக்கம் தெரியாத ஒரு புதுச் சாமியார், கோவிலுக்கு வெளியே நின்ற என் தாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். தாத்தா ஓடிப்போய்க் கிணற்றடியில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாராம், கழுவப் போகிற காலையே. கோவிலின் நடுப்பகுதியில் இருந்த மேலத்தெருக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போனார். பிறகு இன்னொருவர். பிறகு குடும்பம் குடும்பமாக. சாமியார் துண்டும் கையுமாகத் திகைத்து நிற்க, யாரும் ஒன்றும் சொல்லாமலே தாத்தா எழுந்து இடது கைக்கு வந்துவிட்டார். வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். பூசை நடந்தது. தாத்தா இப்போது கல்லறைத் தோட்டத்தில், சுவருக்கு எங்கள் பக்கம் இருக்கிறார். லூர்து மாமா அவருடைய ஒரே மகன்.

இனி பாஸ்காவுக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் ஏசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவதுதான் பாஸ்கா. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரளும். வரதராஜன்பேட்டையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோவிலுக்குக் கிழக்கே பெரிய பொட்டல். அதில் சவுக்குக் கால் நட்டு, பலகை போட்டு, பூச்செடி எழுதிய திரை கட்டினால் எருசலேம். நடிப்பவர்கள் எல்லாரும் மேலத்தெரு. குழி தோண்டுவது, கால் நடுவது, பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிப்பது, திரைக்கயிறு பிடிப்பது கீழத்தெரு. திரைக்கயிறு மிக்கேல் மாமாவின் பொறுப்பு. அவர் லூர்து மாமாவின் லோடு கூட்டாளி, வாயே திறக்காதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாய், அது லூர்துவிடம் இருக்கிறது என்று தெருவில் சொல்வார்கள்.

எங்கள் ஆட்களும் வருஷா வருஷம் போய் ஒரு வேஷம் கேட்பார்கள். ஒரு ரோமன் சிப்பாயாவது. "பாக்கலாம், பாக்கலாம்" என்பார் சவரிமுத்து ஐயா. பாஸ்கா கமிட்டித் தலைவர். முந்திரித் தோப்பும் கரும்பும் உள்ள பெரிய குடும்பம். அவருடைய மகன் அமலதாஸ்தான் ஏசு. அந்த அமலதாசைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏசு வேஷம் கட்டுகிறவர் தவக்காலம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலில் செருப்புக் கிடையாது என்று விரதம் இருக்க வேண்டும். மற்றவர்கள் பெயருக்கு இருப்பார்கள் என்பார்கள். அமலதாஸ் நிஜமாகவே இருப்பார். வெயிலில் வெறுங்காலோடு தோப்புக்குப் போகும்போது எங்கள் தெருப் பெண்கள், "பாவம், இந்தப் புள்ள போன வருசம் செலுவையில தொங்குனதே போதும்" என்பார்கள்.

அந்த வருஷம், முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் வேஷத்துக்கு ஆள் இல்லாமல் போனது. வழக்கமாக மேலத்தெருவின் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் போடுவார். அபாரமாகப் போடுவார். அதுதான் வினை. பள்ளிக்கூடத்தில் அவர் மகளை "யூதாஸ் மவ" என்று கூப்பிட ஆரம்பித்து, அது கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு கிழவர் சிரிப்புக்கு, "மாமனாரு முப்பது வெள்ளிக்காசு போடுவாருல்ல?" என்று கேட்க, அவர் தாடியைக் கழற்றிக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டார். வேறு யாரும் அந்தத் தாடியைத் தொடவில்லை. எல்லார் வீட்டிலும் பெண்கள் இருந்தார்களே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரிமுத்து ஐயா மாமாவைக் கூப்பிட்டார். "லூர்து, வேசம் வேசம்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல. இந்த வருசம் யூதாசு ஒங்க தெருவுக்கு. சந்தோசமா?"

"ரொம்ப சந்தோசமுங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்றைக்கு மாமா வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. நான் பிரசங்கம் மாதிரி ஆரம்பித்தேன். "இது அவமானம் மாமா. ஏசு அவங்க, காட்டிக் கொடுக்கிறவன் மட்டும் நாமளா? அதத்தான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, இப்ப மேடையேத்திக் காட்டப் போறாங்க."

"பேசி முடிச்சிட்டியா?" என்றார் மாமா.

"இன்னும் இருக்கு."

"மிச்சத்த சாப்புட்டு வந்து பேசு. ஏன் புள்ள, யூதாசு இல்லாம பாஸ்கா நடக்குமா?"

"நடக்காது."

"ஏசு ஒருநாளு மெதுவாப் பேசுனாக்கூட நாடகம் நடந்துடும். இவன் காட்டிக் கொடுக்காட்டி எல்லாரும் பந்திய முடிச்சிட்டு வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. நானும் வேறு வழியில்லாமல் என் அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்றுக்கு மஞ்சள் சாயம் தோய்த்து யூதாசுக்கு அங்கி தைத்தேன். சாயம் சரியாகப் பிடிக்காமல் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. "துரோகிக்குச் சரியா இருக்கு" என்றார்கள்.

முந்திரி உதிரும் காலம் அது. பழத்தின் புளித்த வாடையும் கொட்டை சுடுகிற புகையுமாகத் தெரு முழுக்கக் கமறும். பிலோமினா அத்தை, லூர்து மாமாவின் மனைவி, சுட்ட கொட்டையைக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டே மாமா வசனம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கொட்டைத் தோட்டிலிருந்து கசியும் முந்திரிப் பாலில் விரல் வெந்து கறுத்திருக்கும். ஒரு சாயந்திரம் மாமா, ஏசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிடுகிற பந்திக் காட்சியை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அத்தையின் கட்டை நின்றது.

"ஏங்க, ஒரு சந்தேகம். கால் கழுவுறப்ப யூதாசு அங்கனதான இருக்கான்?"

"இருக்கான்."

"எல்லாருக்கும் கழுவுறாரா, இல்ல அவன மட்டும் வுட்டுடுறாரா?"

"எல்லாருக்குந்தான்."

"அப்ப அந்த அமலதாசுப் புள்ள ஒங்க காலக் கழுவணுமே!"

நான் வாயில் போட்ட முந்திரியை மெல்லவில்லை. மாமா கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு" என்றார்.

அவருக்கு இது முதலிலேயே தெரியுமா, தெரிந்துதான் "ரொம்ப சந்தோசமுங்க" என்றாரா, அப்போதுதான் உறைத்ததா? பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்வார். எனக்கு எல்லாப் பதிலையும் பிடிக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். கழுவுவார்களா, மாட்டார்களா? யூதாஸ் என்ற பெயர், முப்பது வெள்ளிக்காசு, தூக்குக் கயிறு எல்லாம் பின்னால் போய்விட்டன. தாத்தா எழுந்து வந்த அந்தப் பெஞ்சில், பன்னிரண்டில் ஒருவராக, அவர் மகன் உட்காரப் போகிறார். உட்கார்ந்தால் மட்டும் போதாது. கை படவேண்டும். எங்கள் தெருக்காரர்களுக்கு மேலத்தெருவில் தண்ணீர் கொடுப்பதென்றால் குவித்த கைகளில் தூக்கி ஊற்றுவார்கள். செம்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். அந்த ஒரு முழத்தைத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேலத்தெரு இதை எப்படிக் கவனிக்காமல் விட்டது என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களுக்குள் ஒருவர் யூதாசாக இருந்தவரை அது யாரும் யோசிக்க வேண்டிய காட்சியே இல்லை. அதோடு ஒத்திகையில் தண்ணீர் கிடையாது. பங்குப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பில் ஒத்திகை நடக்கும். "கழுவுறது, தொடைக்கிறது, சரி, அடுத்தது" என்று தாண்டிப் போய்விடுவார்கள். பாஸ்காவுக்கு முந்தின நாள், வேஷம் கட்டிப் பார்க்கும்போதுதான் யாரோ நிஜமாகவே பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கியில் ஊசி போட்டுக்கொண்டு நானும் அங்கே இருந்தேன். சவரிமுத்து ஐயா தாம்பாளத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மாமாவின் காலைப் பார்த்தார். முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது.

"யூதாசு மொதல்லயே எந்திரிச்சுப் போயிடட்டும்" என்றார்.

"போயிடுறேங்க. வேதத்துல அப்புடி இருந்தா போயிடுறேன். சாமி, எப்புடி இருக்கு சாமி?" என்று மாமா சாமியாரைப் பார்த்துக் கேட்டார்.

சாமியார் வயதில் இளையவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். "எல்லாருக்கும் கழுவினார்னுதான் இருக்கு" என்றார், தரையைப் பார்த்து. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் ஐயாவே ஒரு வழி கண்டுபிடித்தார். யூதாஸ் வரிசையில் கடைசியாக உட்கார வேண்டியது. பதினொரு பேருக்கு முடிந்ததும் திரை விழுந்துவிடும். பன்னிரண்டாவது ஆளுக்குக் கழுவியதாக ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். "வேதத்தையும் மாத்தல, ஊரையும் மாத்தல. என்ன சொல்ற லூர்து?"

அமலதாஸ் மூலையில் அங்கியோடு நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சரிங்க" என்றார் மாமா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழி நெடுக மாமாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். கோழை என்றுகூடச் சொன்னேன் என்று ஞாபகம். மாமா வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே, "நல்லா தையல் போட்டிருக்கியா? அக்குள்ள பிரியுது பாரு" என்றார்.

மறுநாள் பொழுது சாயும்போதே பொட்டல் நிறைந்துவிட்டது. எங்கள் தெரு வழக்கம்போல இடது ஓரம், மணலில். முன்வரிசை நாற்காலிகளில் ஐயாவும் கமிட்டியும் சாமியாரும். பந்திக் காட்சி வந்தது. நீளமான பெஞ்சில் சீடர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியில், கொடுத்த வாக்குப்படியே, திட்டுத் திட்டான மஞ்சள் அங்கியில் மாமா. அமலதாஸ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பேதுருவிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்து, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தம். விரதத்தில் இளைத்த முகம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பத்தாவது ஆள். பதினொன்றாவது ஆள். அத்தை என் கையைப் பிடித்தார். முந்திரிப் பால் பட்ட விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

ஐயா நாற்காலியில் இருந்தபடியே மேடை ஓரத்தைப் பார்த்துக் கையை மேலிருந்து கீழாக இறக்கினார். திரை.

திரை விழவில்லை.

ஐயா மறுபடி கையை இறக்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மிக்கேல் மாமா மேலே கப்பியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்து, சிக்கிக்கொண்டது என்று கையாலேயே காட்டினார். இத்தனை வருஷமாக அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைக் கமிட்டி அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தது என்று நினைக்கிறேன்.

தாம்பாளத்தோடு அமலதாஸ் பன்னிரண்டாவது ஆளுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தார். மாமா காலை நீட்டினார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஐயா எழுந்து நின்றார். ஆனால் என்ன செய்வார், பாவம்? இடுப்பில் துண்டு கட்டி முட்டி போட்டிருக்கிற ஏசுவைப் பார்த்து "டேய்" என்று கூப்பிட அந்த நேரத்தில் யாருக்கு வாய் வரும்?

அமலதாஸ் செம்பைத் தூக்கினார். ஊற்றினார். மேலிருந்து. அதே ஒரு முழம். தண்ணீர் மாமாவின் பாதத்தில் விழுந்து தெறித்தது. அவர் மறுகை மடியிலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா காலை எடுக்கவில்லை. தாம்பாளத்துக்கு மேலே அப்படியே வைத்திருந்தார். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, நாடகத்தில் இல்லாத வசனத்தை, பொட்டலின் கடைக்கோடிக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"போதகரே, தண்ணி பட்டுச்சு. அழுக்கு போகலியே!"

முதலில் சிரித்தது வெளியூர்க்காரர்கள். பிறகு மேலத்தெருப் பெண்கள் பக்கம் ஒரு குலுங்கல். பிறகு எங்கள் மணல். பொட்டலே சிரித்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். அமலதாஸ் தலை குனிந்திருந்தார், தோள் மட்டும் ஆடியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தபடியே செம்பைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். குதிகாலைத் தேய்த்தார். விரல் இடுக்கைத் தேய்த்தார். மற்றவர்களுக்கு எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். துண்டால் ஒற்றினார். குனிந்து முத்தமிட்டார். மறு காலையும் எடுத்தார்.

மாமாவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். ஊரிலேயே பெரிய வாய்க்காரருக்கு வாய் திறக்க வரவில்லை. தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு திரை விழுந்தது. சிக்கல் தானாகவே விட்டுவிட்டதாம்.

அன்றைக்கு யூதாஸ் தூக்குக் கயிற்றில் நாண்டுகொண்டபோது யாரும் கை தட்டவில்லை. வழக்கமாக விசில் பறக்கும் இடம் அது. மறுநாள் காலையில் ஐயாவின் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தோம். அமலதாஸ் வந்தார். மாமா லோடுக்குப் போகாமல் எங்களோடு இருந்தார். அமலதாஸ் மாமாவின் காலைப் பார்த்துவிட்டு, "ஏன் லூர்து, காலு ஏன் அப்புடி வெடிச்சுக் கெடக்கு?" என்று கேட்டார்.

"சுண்ணாம்புக் கல்லுல நிக்கிற காலுங்க."

"எண்ண கிண்ண போடக் கூடாதா? என் கையெல்லாம் கீறிப் போச்சு" என்றார். கேலியாகத்தான். போய்விட்டார். அந்த வருஷமே திருச்சியில் ஒரு வேலை தேடிக்கொண்டு போனவர், ஊருக்கு அதிகம் வரவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்றால், ஊகிக்கத் தெரியும்.

முந்திரி முடிகிற வரை மேலத்தெரு ஒன்றும் சொல்லவில்லை. உதிர்கிற கொட்டை கோபத்துக்காகக் காத்திருக்காது. முடிந்த பிறகு சொன்னார்கள், அதுவும் வாயால் அல்ல. ஆடியில் கடலை விதைப்புக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. கரும்பு வெட்டுக்கு உடையார்பாளையம் பக்கமிருந்து ஆள் வந்து இறங்கியது. எங்கள் ஆட்கள் வேலை தேடி வெகுதூரம் நடந்தார்கள். சில குடும்பங்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயின. போகும்போது ஒருவர் மாமா வீட்டு வாசலில் நின்று, "ஒன் காலக் கழுவுனதுல எங்க வூட்டு அடுப்புல தண்ணி ஊத்திடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிலோமினா அத்தைதான், "அண்ணே, அங்க போயி யாராச்சும் தூக்கி ஊத்துனா கைய நீட்டாதீங்க" என்றார். அவர் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த ஈஸ்டருக்கு முன்னால், கோவிலில் கமிட்டியின் அறிவிப்பு: செலவு அதிகமாகிவிட்டபடியால் இந்த வருஷம் பாஸ்கா கிடையாது, அதற்குப் பதிலாகத் திருச்சியிலிருந்து புரொஜக்டர் வந்து படம் காட்டப்படும். யோசித்துப் பாருங்கள். தாத்தா காலத்துக்கும் முந்தைய பாஸ்கா. ஒரு பாதத்தை இன்னொரு முறை கழுவ நேர்ந்துவிடுமோ என்று முழு எருசலேமையும் பிரித்துப் பரணில் போட்டுவிட்டார்கள். அதே பொட்டலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். திரையில் ஒரு வெள்ளைக்கார ஏசு பன்னிரண்டு வெள்ளைக்காரப் பாதங்களைக் கழுவினார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாமா மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்த்தார். யூதாஸின் முறை வந்ததும் என் பக்கம் சாய்ந்து, "ஆளு அழகாத்தான் இருக்கான் பாப்பா. ஆனா காலு நீட்டத் தெரியல பாரு, சும்மா வச்சிக்கிட்டு இருக்கான்" என்றார்.

அந்தப் பொட்டல் இப்போது இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்காகத் தோண்டித் தோண்டி, பச்சைத் தண்ணீர் நிற்கிற பெரும் பள்ளமாகிவிட்டது. மாமா இல்லை, மிக்கேல் மாமாவும் இல்லை. இருவரும் சுவருக்கு எங்கள் பக்கம்தான். சுவர் இருக்கிறது, போன வருஷம் வெள்ளையடித்திருக்கிறார்கள். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரில் இப்போது கீழத்தெருவிலிருந்தும் ஆள் உண்டு. சாமியார்கள் கை பட்டுத்தான் கழுவுகிறார்கள். எல்லாரும் பயபக்தியாக, மிக ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போகிற வருஷங்களில் இடது கையில் நின்று பார்க்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் பொட்டலில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே விஷயத்துக்கு, ஒரே நேரத்தில், அடக்க மாட்டாமல் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பை மட்டும் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.